எஸ்கேப் என்ற சொல்

'எஸ்கேப்' என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் வாயிலும் அது வரும். "கடனைக் கேட்டேன், ஆள் எஸ்கேப்" என்கிறோம். "வேலை என்றதும் எஸ்கேப் ஆயிட்டான்" என்கிறோம். நம் பேச்சில் அது கேலிச் சொல். நைசாக நழுவுவதைக் குறிக்கும்.

ஆங்கிலத்திலும் நழுவுவதற்கு இந்தச் சொல் உண்டு. ஆனால் அதன் பெரிய வேலை வேறு. தீ, வெள்ளம், விபத்து, சிறை இவற்றிலிருந்து தப்புவதைச் சொல்வதுதான் அந்த வேலை. செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால், யாரோ ஒருவருடைய உயிர் பற்றிய பேச்சு என்று பெரும்பாலும் நினைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நாம் 'எஸ்கேப் ஆனேன்' என்று 'ஆனேன்' சேர்க்கிறோம். அந்தப் பழக்கத்தில் சிலர் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் எஸ்கேப்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. 'எஸ்கேப்' என்பதே வினைச்சொல். அதற்குத் துணை வேண்டாம். 'ஐ எஸ்கேப்ட்' என்றால் 'நான் தப்பினேன்'. நடந்து முடிந்ததற்குக் கடைசியில் 'ட்' சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது வாக்கியம் அமைப்போம்.

ஷீ எஸ்கேப்ட் ஃப்ரம் த ஃபயர்.
அவள் தீயிலிருந்து தப்பினாள்.

'தீயிலிருந்து' என்பதில் 'இலிருந்து' சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது 'ஃப்ரம்'. அது வாலில் நிற்காது. தலைப்பக்கம் நிற்கும். தமிழில் தப்பினாள் என்பது கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுவார்கள். எதிலிருந்து என்பது பிறகுதான்.

சில இடங்களில் 'ஃப்ரம்' வராது.

தே எஸ்கேப்ட் டெத்.
அவர்கள் சாவிலிருந்து தப்பினார்கள்.

ஏன் இங்கே 'ஃப்ரம்' இல்லை? முதல் வாக்கியத்தில் அவள் தீக்குள் அகப்பட்டிருந்தாள். பிறகு வெளியே வந்தாள். இரண்டாவது வாக்கியத்தில் சாவு அவர்களைத் தொடவே இல்லை. பக்கத்தில் வந்து விலகிப் போய்விட்டது. அகப்பட்டு மீண்டால் 'ஃப்ரம்' போடுங்கள். அகப்படாமலே போனால் 'ஃப்ரம்' வேண்டாம். தமிழில் இரண்டுக்கும் 'இலிருந்து' போதும். அதனால்தான் நமக்கு இந்த இடம் கொஞ்சம் இடறுகிறது.

தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? 'பிழை' என்றால் தவறு. 'பிழைத்தான்' என்றால் உயிரோடு மீண்டான். வெளியூர்க்காரர் தமிழ் படித்தால் இங்கே தலையைச் சொறிவார்.

'நேரோ எஸ்கேப்' என்பதையும் கேட்டிருப்பீர்கள். 'நேரோ' என்றால் குறுகலானது. நாம் 'மயிரிழையில் தப்பினார்' என்கிறோமே, அதுதான்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். அடைத்து வைத்த கேஸ் வெளியேறினாலும் ஆங்கிலத்தில் 'எஸ்கேப்' என்றுதான் சொல்வார்கள். தமிழில் கேஸ் தப்பியது என்று சொல்ல மாட்டோம். கசிந்தது என்போம்.

த கேஸ் எஸ்கேப்ட் ஃப்ரம் த டேங்க்.
தொட்டியிலிருந்து கேஸ் கசிந்தது.

மத்தியப் பிரதேசத்தின் தலைநகர் போபால். அங்கே யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மீத்தைல் ஐசோசயனேட் என்னும் கொடிய நஞ்சு. தண்ணீர் பட்டதும் அது கொதித்தது. சுமார் 40 டன் நஞ்சு வெளியேறி ஊருக்குள் பரவியது. மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிளகாயை நெருப்பில் போட்டதுபோல் கண்ணும் தொண்டையும் எரிய எழுந்தார்கள். வெளியே ஓடினார்கள்.

ஓடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் நஞ்சு கூடுதலாக உள்ளே போகும். இந்த நஞ்சுக்காற்று சாதாரணக் காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே நிற்கும். அதனால் சிறு குழந்தைகளுக்கு அதிகம் ஏறியது. ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே போயிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். அதை உரிய நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 5,295 பேரின் சாவுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்று போபால் மக்கள் சொல்கிறார்கள்.

தொட்டியிலிருந்து நஞ்சு 'எஸ்கேப்' ஆனது. மக்களால் 'எஸ்கேப்' ஆக முடியவில்லை. ஒரே சொல்தான்.

நம் வீட்டு அடுப்பு கேஸ் அந்த நஞ்சு அல்ல. ஆனால் அதுவும் காற்றைவிடக் கனமானது. தரையில் படிந்து தேங்கும். அதற்கு இயற்கையாக வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றே கெட்ட வாடையைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் தீக்குச்சியைத் தொடாதீர்கள். விளக்கு, மின்விசிறி எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். அடுப்பின் திருகை மூடுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்தபிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவைச் சொல்வதற்கென்றே உள்ள எண் இது.

கீழே உள்ள வாக்கியங்களைப் படியுங்கள். 'ஃப்ரம்' எங்கே வரும், எங்கே வராது என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசி எழுதுங்கள்.

1. ஹீ எஸ்கேப்ட் ____ த ஜெயில்.
2. த டிரைவர் எஸ்கேப்ட் ____ டெத்.
3. கேஸ் இஸ் எஸ்கேப்பிங் ____ த சிலிண்டர்.