சோப்பு போட்டால் முகம் எரிகிறது. சவரம் செய்யாவிட்டால் வேலை போகிறது! தவியாய்த் தவித்த காவலாளி

சென்னை, மார்ச் 5-

தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்தால்தான் வேலை. சவரம் செய்தாலோ முகமெல்லாம் கொப்புளம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு 3 மாதமாகத் தவித்திருக்கிறார் ஒரு வாலிபர்.

தியாகராயநகரில் ஒரு கடை வாசலில் காவலாளியாக நிற்கிறார் அவர். வயது 24. தாம்பரம் பக்கத்தில் இருந்து மின்சார ரெயிலில் வந்து போகிறார்.

"ஷேவ் பண்ணாம வந்தா கேட்லயே நிறுத்தி திருப்பி அனுப்பிடுவாங்க சார். அன்னிக்கு சம்பளம் கட்" என்றார்.

வழக்கமாகப் போடும் கிரீம் தீர்ந்துபோகவே, மலிவாகக் கிடைத்த ஒரு வாசனை சோப்பை வாங்கினார். முதல் 10 நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அதன்பிறகு தாடையில் அரிப்பு. அடுத்து கழுத்து. ஒருநாள் காலை கண் இமை வீங்கிவிட்டது.

களிம்பு செய்த வேலை

டாக்டரிடம் போகவில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போனார். ஒரு டியூப் களிம்பு கொடுத்தார்கள். போட்ட மறுநாளே முகம் பளிச்! நிறுத்தியதும் முன்னைவிட மோசம். மறுபடி டியூப், மறுபடி பளிச். இப்படியே 2 மாதம் ஓடியது. முகம் மெலிந்து, வெயிலில் நின்றாலே சிவந்து எரிய ஆரம்பித்தது.

அந்த டியூப்பில் இருந்தது ஸ்டீராய்டு மருந்து. இதுபோன்ற பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டாயிற்று. கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. யார் தட்டிக் கேட்பது?

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி தோல் நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே அவர் முதுகில் சின்னச்சின்ன மருந்து வில்லைகளை ஒட்டி அனுப்பினார்கள். 2 நாள் குளிக்கக்கூடாது. எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இன்னும் 2 நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். வாசனைப் பொருள் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. குற்றவாளி பிடிபட்டான்!

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

தோல் டாக்டர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டபோது அவர் விளக்கினார்.

சோப்பு போட்டவுடன் எரிந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிட்டால் அது வெறும் எரிச்சல். நம் தோலில் லேசான அமிலத்தன்மை உண்டு. சோப்பில் காரம் அதிகம். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை அது வழித்து எடுத்துவிடுகிறது. அதன்மேல் பிளேடும் ஓடினால் கேட்கவேண்டுமா?

ஒருநாள், இரண்டு நாள் கழித்து அரிப்பு, தடிப்பு, வீக்கம் என்று வந்தால் ஒவ்வாமை. பெரும்பாலும் சோப்பில் கலக்கும் வாசனைதான் காரணம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தப் பொருளைத் தொடாமல் இருப்பதே வழி.

மயிர்க்காலில் மட்டும் சீழ்வைத்த பரு கிளம்பினால் அது கிருமி. சோப்பு மேல் பழி போடவேண்டாம்.

புது சோப்பு வாங்கினால் நேரே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உட்புறம் தினம் இரண்டு வேளை நுரையைத் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஒரு வாரம் ஒன்றும் ஆகாவிட்டால் முகத்துக்குப் போடலாம்.

குளிக்கிற சோப்பையே கன்னத்தில் தேய்த்துச் சவரம் செய்கிறவர்கள் ஏராளம். (நானும் அந்தக் கட்சிதான், போன மாதம் வரை.) அந்த நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். சவர சோப்பு நுரைதான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் முகத்தை 2, 3 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் முடி மெத்தென்று ஆகிவிடும். முடி போகிற திசையிலேயே வழிக்க வேண்டும். எதிர்த்து வழித்தால் பளபளப்பு கிடைக்கும், கூடவே கொப்புளமும் கிடைக்கும்.

சலூனில் என்ன நடக்கிறது?

புரசைவாக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனேன். 40 வருடம் கத்தி பிடித்த பெரியவர் பேசினார்.

"முன்னல்லாம் ஒரே கத்திய தோல்வார்ல தீட்டி எல்லாருக்கும் போடுவோம் தம்பி. எய்ட்ஸ் பயம் வந்தப்புறம்தான் ஆளுக்கொரு பிளேடுன்னு ஆச்சு" என்றார். அந்தக் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான்.

பிளேடு மாறிவிட்டது. பிரஷ்? படிகாரக் கல்? நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரே கல் மூன்று பேர் கன்னத்தில் ஏறி இறங்கியது! சொன்னதும் பெரியவர் சிரித்துக்கொண்டே கல்லைக் கழுவி வைத்தார்.

பிரஷை லேசாக எண்ணவேண்டாம். முதல் உலகப் போர் சமயத்தில் குதிரை மயிரில் செய்த மலிவு பிரஷ்களால் பிரிட்டிஷ், அமெரிக்க சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் நோயே வந்திருக்கிறது. இன்று அந்தப் பயம் இல்லை. ஆனாலும் ஈரம் காயாத பிரஷில் கிருமி குடியேறும். உதறிக் காயப்போட வேண்டும்.

காவலாளி வாலிபருக்கு, 2 வாரம் பிளேடு படக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு சூப்பர்வைசரிடம் போனார்.

"முதல்ல முறைச்சாரு சார். அப்புறம் மிஷின்ல ஒட்ட வெட்டிக்கிட்டு வான்னு விட்டுட்டாரு."

நேற்று 9-வது நாள். வாசலில் குறுந்தாடியோடு நின்றார். கழுத்தில் சிவப்பு குறைந்திருந்தது. வாசனை இல்லாத கிரீம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம். இப்போதைக்கு முழங்கையில்தான் தடவிப் பார்க்கிறார்.