சத்தம் போடாத கிராபிக்ஸ் கார்டு

கேமைத் திறந்து முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மேஜைக்கு அடியிலிருந்து இரைச்சல் மெல்லக் கிளம்பும். சண்டை சூடுபிடித்தால் அதுவும் ஏறும், மெனுவுக்குப் போனால் இறங்கும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் நமக்குக் கேட்காது. அதே அறையில் தூங்குகிறவர் பாவம். கடையில் போய்ச் சொன்னால், "நல்ல ஃபேன் இருக்கிற கார்டா எடுங்க சார்" என்பார்கள். அது பாதிதான் சரி.

கார்டு இழுக்கிற மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 200 வாட் கார்டு என்றால், விளையாடும்போது கேபினட்டுக்குள் 200 வாட் ஹீட்டர் எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டைத் தள்ளத்தான் ஃபேன் அலறுகிறது. எனவே சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கைவைக்க வேண்டியது வாட்டில். இதில் நமக்குச் சாதகமான கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது. சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் விழுகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். வெப்பத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் போதும், அமைதி தாராளமாகக் கிடைக்கும்.

ஆகவே கார்டு வாங்கும்போது விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய எண் வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115, 4070க்கு 200, 4090க்கு 450. பழைய 3080 கார்டு 320 வாட்டில் செய்த வேலையை 4070 கிட்டத்தட்ட 200 வாட்டிலேயே முடித்துவிடுகிறது. செகண்ட் ஹேண்டில் 3080 மலிவாக வருகிறதே என்று மனம் சபலப்படும்போது இந்த 120 வாட் வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிப் ஒன்றுதான், அதன்மேல் உட்காரும் ஹீட்சிங்க் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குட்டையான இரண்டு ஃபேன் மாடலும் இருக்கும், செங்கல் கனத்தில் மூன்று ஃபேன் மாடலும் இருக்கும். சிப்புக்குத் தேவையானதைவிடப் பெரிய ஹீட்சிங்க் இருக்கிற மாடல்தான் நம் கார்டு. ஆனால் ஆலையிலேயே வேகம் ஏற்றிய 'ஓசி' பதிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் வாட் வேண்டும், அந்த வாட்டோடு சத்தமும் வரும். சில கார்டுகளின் விளிம்பில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் அமைதி. அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள். பெரிய ஹீட்சிங்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு 2021இல் அசூஸும் ஃபேன் கம்பெனியான நாக்டுவாவும் சேர்ந்து விட்ட 3070 உதாரணம்: கேபினட்டில் மாட்டும் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு, தடிமன் நான்கு ஸ்லாட்டுக்கும் மேல். வாங்குவதற்கு முன் டேப் எடுத்து உங்கள் கேபினட்டை அளந்துவிடுங்கள்.

ஒற்றை ஃபேன் வைத்துப் பின்பக்கமாகக் காற்றை ஊதித் தள்ளும் புளோயர் வகை வேண்டவே வேண்டாம். 2003இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவுக்கு 'டஸ்ட்பஸ்டர்' (கையடக்கத் தூசி உறிஞ்சி) என்றே பட்டப்பெயர். என்விடியாவே அதைக் கேலி செய்து வீடியோ எடுத்துப் போடும் அளவுக்கு இரைச்சல்.

கார்டு வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் வேலை, எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு வரையும் ஃபிரேம்களுக்கு, ஒரு வரம்பு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 140 ஃபிரேம் வரைய விடுவது தண்ணீர் நிரம்பிய தொட்டிக்கு மோட்டாரை ஓடவிடுகிற கதைதான். டிரைவர் அமைப்பிலேயே வரம்பு போடலாம். அடுத்தது பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள், மற்ற கம்பெனிக் கார்டுகளிலும் ஓடும். அதில் அந்த ஸ்லைடரை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு போகும். கேமில் போவது பெரும்பாலும் சில ஃபிரேம்கள்தான்.

உண்மையான லாபம் அண்டர்வோல்ட்டில், அதாவது சிப்புக்குத் தரும் வோல்டேஜைக் குறைப்பதில், இருக்கிறது. ஒரே வேகத்தில் ஓடும் சிப் இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 1.05 வோல்ட்டை 0.95 ஆக்கினால் 18 சதவீதம் மிச்சம். எல்லாச் சிப்பும் ஒன்றுபோல வராது என்பதால் ஆலையில் வோல்டேஜைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். அந்தத் தாராளத்தைத்தான் நாம் திரும்ப எடுக்கிறோம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு திறக்கும். கீழே மில்லிவோல்ட், பக்கவாட்டில் மெகாஹெர்ட்ஸ். முதலில் முழுக் கோட்டையும் கீழே இறக்குங்கள். பிறகு 950 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து, கார்டு வழக்கமாக ஓடும் வேகத்துக்கு (4070 என்றால் 2600 மெகாஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம்) உயர்த்தி, 'அப்ளை' கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிடும். உங்களிடம் இருப்பதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கேம் திடீரென்று மூடிக்கொண்டால் 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள். வோல்டேஜைக் குறைப்பதால் கார்டு கெட்டுவிடாது. ஆட்டம் பாதியில் நிற்கும், அவ்வளவே. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் அட்ரினலின் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

ஃபேனைத் தொடுவது கடைசியில். 60 டிகிரியில்தான் வைத்திருப்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள். 4070க்கு என்விடியா சொல்லும் உச்சம் 90. 75 வரை விட்டால் ஃபேன் நிதானமாகச் சுற்றும். வெளிநாட்டு விமர்சனங்களில் அறை பெரும்பாலும் 20, 25 டிகிரிக்குள் இருக்கும். நம் மே மாத அறை 34 என்றால் கார்டின் சூடும் அவர்கள் எண்ணைவிடப் பத்து டிகிரி ஏறும். இங்கேதான், சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவிடும் 'ஜீரோ ஆர்பிஎம்' வசதியே தொல்லையாகிறது. போன கோடையில் சும்மா வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கார்டு சூடாகி ஃபேன் 'உஸ்' என்று எழுந்தது, இரண்டு நிமிடத்தில் அடங்கியது, மறுபடி எழுந்தது. தொடர்ந்து வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும், எழுந்து எழுந்து அடங்குவதை மறக்காது. அந்த வசதியை அணைத்து, 30 சதவீதத்தில் எப்போதும் சுற்ற விட்டேன். சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில் அது கேட்கவே இல்லை.

ஃபேன் நின்றிருக்கும்போதும் 'கீய்ய்' என்று மெல்லிய ஒலி வந்தால் அது கார்டிலுள்ள சுருள்கள் மின்னோட்டத்தில் அதிர்வது. கேம் மெனுவில் ஆயிரம் எஃப்பிஎஸ் ஓடும்போது நன்றாகக் கேட்கும். வரம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் கார்டை மாற்றுவதுதான் வழி. அதனால் கடையில் மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பத்து நிமிடத்தில் ஃபேன் வேகம் கணிசமாக இறங்கினால் குற்றவாளி கார்டு இல்லை, கேபினட்டின் காற்றோட்டம். முன்பக்க வலையில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டிவிட்டு, கண்ணாடி முகப்பாக இருந்தால் முன்னால் ஒரு ஃபேன் கூட்டிப் பாருங்கள். புதுக் கார்டு வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.