ஊர்காண் காதையும் ஒருநாட் கொழும்பும்

பெருநகர் ஒன்றை ஒரே பகலிற் கண்டு மீண்டவன் ஒருவன் தமிழிலக்கியத்தில் உளன். அவன் கோவலன். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் இருத்தி, காலையில் மதுரைக் கோட்டைக்குட் புகுந்து, வீதிகளைச் சுற்றி, அன்றே அடிகளிடம் மீண்டதைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகின்றது. மதுரைக்காஞ்சியிலும் அந்நகரின் பகலும் இரவும் விரிகின்றன. நாளங்காடியும் அல்லங்காடியும் அங்கே உண்டு. ஆயினும் மாங்குடி மருதனார் பாடுவது அரசன்முன் அவனது நகரை. இளங்கோவடிகள் காட்டுவதோ, நேற்று வந்த வழிப்போக்கன் கண்ட நகர்.

அவன் வணிகன் மகன். ஆதலின் அவன் கண் மணிகளின் குற்றத்திலும் குணத்திலும் ஊன்றுகின்றது. நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் மயங்காவண்ணம் கொடி நாட்டி விற்கும் கடைகளை அது விடாது நோக்குகின்றது. அறுவை வீதியும் கூல வீதியும் அவ்வாறே. அந்நகரில் முறை எவ்வாறு வழங்கப்படும் என்பதை மட்டும் அவன் அன்று அறிந்திலன். மகிழ்ந்து மீண்டான். அடுத்து அவன் அந்நகருட் புகுந்தது சிலம்பு விற்க.

எங்கள் ஊவாத் தோட்ட மக்களுக்குக் கொழும்பு இதற்கு நேர்மாறு. அங்காடியை அவர்கள் கண்டிலர், அலுவலகத்தையே கண்டனர். 1924இல் பதுளைக்குப் புகையிரதப் பாதை வந்தது. ஏறத்தாழ 290 கிலோமீற்றர். மாலையிற் கோச்சியில் ஏறினால் விடியுமுன் கோட்டை நிலையம், பகலெல்லாம் வரிசை, இரவில் மீண்டும் கோச்சி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அவர்களைத் தொகை வகுத்துப் பிரித்தது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முழு விடை தந்தது. அத்தனை ஆண்டுகளும் ஒரு தாளே அவர்கட்கு உயிராக இருந்தமையால், கொழும்பு என்றால் ஒரு சாளரமும் அதன் பின்னே ஓர் எழுதுவினைஞரும் என்றே பலர் மனத்திற் பதிந்துவிட்டது. “கொழும்பு பார்த்தீர்களா?” என்று கேட்டால், “போய் வந்தோம்” என்பர். அவர்கள் கொய்த கொழுந்தோ, தூளாகி, 1883 முதல் நடைபெறும் கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு ஓயாது சென்றுகொண்டிருக்கின்றது.

ஆகவே 2017இல் உயர்தர வகுப்பு மாணாக்கர் முப்பதின்மரை அழைத்துச் சென்றபோது, அலுவலகம் எதன் பக்கமும் தலைவைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பாடசாலைச் சுற்றுலாக்களில் ஒரு பகலிற் பன்னிரண்டு இடம் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பேருந்தின் கண்ணாடி வழியே ஓடி மறைவதைக் கண்டதென்று எவ்வாறு எண்ணுவது? நான்கே இடங்கள் போதும் என்றேன்.

முதலிற் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே உள்ளமையின் அப்பெயர். ஆங்கிலேயர் வழங்கிய ‘பெட்டா’ என்பதும் நம் ‘பேட்டை’யே. அங்கிருந்து நடந்தே செட்டியார் தெரு. நகைக்கடைகளின் முன் நின்று, நால்வகைப் பொன்னின் பெயரைக் கேட்டேன். மூவர் சரியாகச் சொன்னார்கள். பின்னர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்புவித்த பொன்னம்பலவாணேசர் கோயில்.

நண்பகலில் நூதனசாலை. 1877இல் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தில் ஆயிரம் பொருள் உண்டு. யான் நிறுத்தியது ஒரே கல்லின் முன். 1911இற் காலியில் வெளிப்பட்ட மும்மொழிச் சாசனம் அது. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு வந்தது, 1409ஆம் ஆண்டினது. சீனத்திற் புத்தருக்கும், பாரசீகத்தில் இசுலாமியர் வழிபடும் இறைவனுக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கை கூறுகின்றது. இத்தீவிற்கு வந்த சீனர் தம் கல்லிற் பொறித்துக்கொண்ட மூன்று மொழிகளுள் ஒன்று நம்முடையது. தேய்ந்த எழுத்துகளை மாணாக்கர் விரலாற் காற்றில் எழுதிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் எவரும் நகரவில்லை.

மாலையிற் காலிமுகத்திடல். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் அந்நடைபாதையைக் கொழும்பின் மாதர்க்கும் சிறார்க்குமென விட்டுச் சென்றதைக் கல் ஒன்று சொல்லும். நமுனுகுல மலையடிவாரச் சிறாரை அவர் நினைத்திருக்கமாட்டார். பலர் அன்றே முதன்முதற் கடல் கண்டனர். ஒரு மாணவி மட்டும் கடலுக்கு முதுகு காட்டி நின்றாள்.

“ஐயா, இங்கேயிருந்து பம்பலப்பிட்டி எவ்வளவு தூரம்?”

“கிட்டத்தான் அம்மா. ஏன்?”

அவள் அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஈராண்டாக ஊருக்கு வரவில்லை. வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஆசிரியை ஒருவரை உடன் சேர்த்து முச்சக்கர வண்டியில் அனுப்பினேன். வண்டி புறப்படுமுன் மீண்டுவிட்டார்கள்.

மறுவாரம் ‘யான் கண்ட கொழும்பு’ என்று கட்டுரை கேட்டேன். ஏனையோர் அலைகளை எழுதினார்கள். சிலர் கல்வெட்டை எழுதினார்கள். அவள் மூன்று பக்கமும் ஓர் இரும்புக் கதவை எழுதியிருந்தாள்: அதன் நிறம், அது திறக்க எடுத்த நேரம், உள்ளே குரைத்த நாய், அக்காவின் ஈரக் கை, ஐந்து நிமிடம். ஒற்றுப்பிழைகளுக்காக இரண்டு புள்ளி குறைத்து, பத்துக்கு எட்டு இட்டேன்.