பாயில் நெய்யும் பெயரும் பதிவேட்டில் விழும் பெயரும்

தாமிரபரணிப் படுகையில் விளையும் கோரையை ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து நெய்யப்படும் பத்தமடைப் பட்டுப்பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. திருமணத்துக்கென நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்களையும் சேர்த்து நெய்து தரும் வழக்கம் அவ்வூரில் உண்டு. இத்தகைய கைவினைப் பொருள்கள் இணையத்தளங்கள் வழியாகவும் விற்பனையாகும் இக்காலத்தில், அந்தப் பெயர்கள் தறிக்கு வந்து சேருமுன் எந்தெந்தக் கணினிகளைத் தொட்டுச் செல்கின்றன என்பது வாங்குபவரும் விற்பவரும் நெசவாளரும் ஒருசேர அறிந்திருக்க வேண்டிய செய்தியாகிறது.

ஒரு தளத்தின் பக்கங்களையும் படங்களையும் பல நகரங்களிலுள்ள கணினிகளில் படியெடுத்து வைத்து, கேட்பவருக்கு அருகிலிருக்கும் கணினியிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு உள்ளடக்க விநியோக வலையமைப்பு எனப்படும். சிடிஎன் என்னும் சுருக்கப் பெயரே புழக்கத்தில் மிகுதி. கிளவுட்ஃபிளேர், அகமாய், அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. தளத்துக்கு வரும் கோரிக்கைகள் இந்த வாசலைக் கடந்தே செல்வதால், எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நொடியில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, கேட்டது எந்த உலாவி அல்லது நிரல் என்பவை வரி வரியாக இங்கே பதிவாகின்றன. இப்பதிவே லாக்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தம் மொழி மாதிரிகளைப் பயிற்றவும், பயனர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தொகுக்கவும் தளம் தளமாக அனுப்பும் தானியங்கி நிரல்கள் பாட் எனப்படுகின்றன. ஓப்பன்ஏஐ 2023 ஆகஸ்டில் ஜிபிடிபாட்டை அறிவித்தது. கிளாட்பாட், பெர்பிளெக்சிட்டிபாட் போன்றவையும் இவ்வகையினவே. வழக்கமான பார்வையாளர் கணக்குக் கருவிகள் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டுமே வருகையை எண்ணுபவை. இந்தப் பாட்களுள் பெரும்பாலானவை அதை ஓட்டுவதில்லை என்பதால், அவற்றின் தடம் சிடிஎன் லாக்கில்தான் முழுமையாகத் தெரியும். ஆகவே, லாக்கை உடனுக்குடன் தமக்கு அனுப்பிவைத்தால் எந்தப் பாட் எதை எத்தனை முறை எடுத்தது என்று கணக்கிட்டுத் தருவதாகச் சொல்லும் பகுப்பாய்வுச் சேவைகள் தோன்றியுள்ளன. தள உரிமையாளரின் தேவை உண்மையானதே. தன் தளங்களில் செலவு மிகுந்த போக்குவரத்தில் குறைந்தது 65 விழுக்காடு பாட்களால் வருகிறது என்றும், பக்கப் பார்வைகளிலோ அவற்றின் பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடு மட்டுமே என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது.

இடர் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு வரியைக் கூர்ந்து பார்த்தால் அறியலாம். கல்யாணப் பாய்க்கான படிவத்தைச் சரியாக அமைக்காத ஒரு தளத்தில், மணமகன் பெயர், மணமகள் பெயர், திருமண நாள், கைபேசி எண் ஆகிய அனைத்தும் இணைய முகவரியின் வினாக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செல்லும். அந்த முகவரி முழுவதுமாக லாக்கின் ஒரு வரியில் அமர்ந்துவிடும். லாக் முழுவதையும் பகுப்பாய்வுச் சேவைக்குத் திருப்பிவிட்டால், பாட்களை எண்ணுவதற்காகச் செய்த ஏற்பாட்டில் மனிதர்களின் விவரமும் மூன்றாம் தரப்பின் கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கசிவு ஏற்பட்டால், திருமண நாளையும் பாயின் விலையையும் துல்லியமாகச் சொல்லி மீதிப் பணம் கேட்கும் மோசடி அழைப்பை அந்தக் குடும்பம் நம்பாமலிருப்பது கடினம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவை எதற்காக, எவ்வாறு கையாள்வது என்று முடிவு செய்பவரையே பொறுப்பாளராக வைக்கிறது. அவர் சார்பில் கையாளும் சேவை செல்லத்தக்க ஒப்பந்தத்தின் பேரிலேயே அமர்த்தப்பட வேண்டும், அச்சேவையின் கவனக்குறைவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் தள உரிமையாளரே. உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டம் ₹250 கோடி வரை செல்லலாம். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பதால், தமிழில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. உரிமையாளரின் முக்கியக் கடமைகளும் வாடிக்கையாளரின் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஏனெனில் தீர்வு எளிது. முன்னணிச் சிடிஎன்களின் லாக் அனுப்பும் வசதிகளில் எந்தெந்தப் புலங்கள் வெளியே போகலாம் என்று தேர்ந்துகொள்ள இயலும். சிலவற்றில் வரிகளையே வடிகட்டலாம். தம்மைப் பாட் என்று அறிவித்துக்கொள்ளும் வரிகளை மட்டும், வினாக்குறிக்குப் பின்னுள்ள பகுதியையும் குக்கியையும் நீக்கி அனுப்பினால் கணக்குக்குப் போதும். உண்மைப் பாட்தானா என்பதை நிறுவனங்கள் வெளியிடும் ஐபி பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். சாதாரண உலாவியைப் போல வேடமிட்டு வரும் பாட்கள் இந்த வடிகட்டலில் தப்பிவிடும் என்பது சரியான மறுப்புத்தான். அவற்றைச் சிடிஎன்னின் உள்ளேயே இனம் காண்பது, மனிதர் அனைவரின் தடத்தையும் வெளியே அனுப்புவதைவிட மேலானது. லாக்கை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவை இதற்கு எதிராகக் காட்டுவதும் பொருந்தாது. அது வைத்திருக்கும் கடமையைச் சொல்கிறதேயன்றிப் பிறருக்கு அனுப்பும் உரிமையைத் தரவில்லை.

விவரம் கசிந்து பணமோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். தளத்திடம் தன் தரவின் விவரத்தைக் கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் புதிய சட்டத்தின் உரிய பிரிவுகள் நடைமுறைக்கு வரும்போது வாடிக்கையாளருக்கு வழி கிடைக்கும். அப்போதும் குறை தீராவிடில் அச்சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம்.

நெசவாளரின் நிலை இன்னும் நுட்பமானது. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவல் இச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஆகவே தன் கைபேசி எண்ணைத் தானே தளத்தில் இட்ட நெசவாளர், அதைப் பாட் எடுத்துச் சென்றதற்கு இச்சட்டத்தைத் துணைக்கு அழைக்க இயலாது. வணிகர் ஒருவர் அவரைக் கேளாமல் படத்தையும் எண்ணையும் வெளியிட்டிருந்தாலோ, அந்த விலக்கு பொருந்தாது; அதை நீக்குமாறு அவர் கேட்கலாம். பாட்களுக்கு விலக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994 முதல் வழக்கிலிருக்கும் வேண்டுகோளேயன்றிப் பூட்டு அன்று. பக்கத்தை நீக்கிய பின்னும் முன்பே எடுத்த படி எங்கோ இருக்கும். எந்தப் பாட், எந்த நாளில், நெசவாளரின் எண் இருந்த பக்கத்தை எடுத்தது என்று காட்டக்கூடிய சான்று தள உரிமையாளரிடமுள்ள அதே லாக்தான். நீக்கக் கோரும் கடிதத்திலேயே அந்த வரிகளை அழிக்காமல் வைத்துத் தருமாறும் எழுதிக் கேட்க வேண்டும்.