எண்ணத் தெரிவதும் அளவு அறிவதும்

ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையைக் கண்டு வீட்டார் பெருமை கொள்வது இயல்பே. அக்குழந்தையிடமே, “அடுக்களையிலிருந்து ஏழு கரண்டி எடுத்து வா” என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் பலரும் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருவர். ஏழு என்னும் சொல் அவர்களுக்குத் தெரியும். ஏழு என்னும் அளவு இன்னும் பிடிபடவில்லை.

வங்கிக் கவுண்ட்டரில் அமர்ந்திருக்கும் நாங்கள் இவ்வேறுபாட்டின் விளைவைப் பெரியவர்களிடமும் காண்கிறோம். நோட்டின் நிறத்தைக் கொண்டே மதிப்பை அறிபவர்கள், பாஸ்புக்கில் உள்ள இரு தொகைகளுள் எது பெரியது என்று அருகில் நிற்பவரைக் கேட்பவர்கள், பணம் எடுக்கும் படிவத்தை முன்பின் அறியாதவரிடம் நீட்டுபவர்கள் இன்றும் வருகின்றனர். வியர்வை சிந்தி ஈட்டிய பணத்திற்குப் பிறர் சொல்லே சான்றாக நிற்கும் நிலை அது. நம் குழந்தைகளுக்கு அந்நிலை வராமல் காக்கும் வேலை, பள்ளிக்குச் செல்லும் முன்பே வீட்டில் தொடங்கிவிடுகிறது.

எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயங்கள் ஆறினை ஒரு வரிசையாகவும், அவற்றிற்கு நேராக மேலும் ஆறினை மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். பிறகு, குழந்தை பார்க்கும்போதே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு, “இப்போது எதில் அதிகம்?” என்று கேளுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகள் பலர் நீண்ட வரிசையைக் காட்டுவர். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே இத்தகைய சோதனைகளை ஆராய்ந்து 1941-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குழந்தை சொன்ன விடையைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டாம். நாணயத்திற்கு நாணயம் நேராக வைத்து, மிஞ்சுவது ஏதேனும் உண்டா என்று அதுவே கண்டறியட்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் மட்டும் நாணயம் தர வேண்டாம். விழுங்கிவிடும் அபாயம் உண்டு.

எண்ணும்போது குழந்தை மூன்று செய்திகளை உணர வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே உரியது. சொற்களின் வரிசை மாறாது. இறுதியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தைக் குறிக்கும். எண்ணி முடித்த குழந்தையிடம் “ஆக, எத்தனை?” என்று கேளுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், மூன்றாவது செய்தி இன்னும் மனத்தில் பதியவில்லை என்று பொருள்.

எண்ணுவதோடு, அளவின்படி வரிசைப்படுத்தவும் குழந்தை பழக வேண்டும். 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் முறையில், பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்கள் உண்டு. பக்க அளவு 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை சீராக உயரும். அவற்றைக் குழந்தை பெரியது முதல் சிறியது வரை கோபுரமாக அடுக்கும். நம் வீட்டில் ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் எவர்சில்வர் டப்பாக்கள் அதே பாடத்தைக் கற்பிக்கும். வரிசை தவறினால் டப்பா உள்ளே இறங்காது. பிழையைச் சுட்ட பெரியவர் தேவையில்லை. முதலில் மூன்று டப்பாக்கள், பின்னர் ஐந்து என்று கூட்டுங்கள். வரிசை அமைந்த பின், விடுபட்ட ஒன்றைக் கொடுத்து அதன் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரே டப்பா ஒன்றைவிடப் பெரியதாகவும் மற்றொன்றைவிடச் சிறியதாகவும் இருக்கும் என்பதை உணர்வது, குழந்தைக்கு ஒரு பெரிய தாவல்.

பணத்தைக் கொண்டு கற்பிக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நாணயத்தின் உருவமும் மதிப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2011-ஆம் ஆண்டு வரிசையின் இரண்டு ரூபாய் நாணயம் 25 மி.மீ. விட்டமுடையது, ஐந்து ரூபாய் நாணயமோ 23 மி.மீ. மட்டுமே. பெரியதே மதிப்பு மிக்கது என்று கருதும் குழந்தை இங்கு குழம்புவதில் வியப்பில்லை. ஆகவே, தொடக்கத்தில் நாணயங்களை எண்ணுவதற்குரிய பொருள்களாக மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பு பற்றிய பேச்சு பின்னர் வரட்டும்.

நோட்டுகள் வேறு வகை. மகாத்மா காந்தி புதிய வரிசையில் 10 ரூபாய் நோட்டின் நீளம் 123 மி.மீ.; 20 ரூபாய்க்கு 129, 50-க்கு 135, 100-க்கு 142, 200-க்கு 146, 500-க்கு 150 மி.மீ. என்று மதிப்புடன் நீளமும் உயர்கிறது. ஐந்தாறு வயதுக் குழந்தை, எல்லா நோட்டுகளின் இடப்பக்க ஓரத்தையும் ஒரே கோட்டில் பொருத்தி அவற்றை அடுக்கிப் பார்க்கலாம். பழைய வரிசை நோட்டுகளைக் கலக்க வேண்டாம். அவற்றின் அளவுகள் வேறு. 500 ரூபாய் நோட்டு 10 ரூபாய் நோட்டைவிட ஐம்பது மடங்கு நீளமாக இல்லையே என்று குழந்தை கேட்குமானால், உருவம் வேறு, மதிப்பு வேறு என்பதை விளக்க அதுவே நல்ல தருணம்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பதே 2021 ஜூலையில் தொடங்கப்பெற்ற ‘நிபுண் பாரத்’ இயக்கத்தின் நோக்கம். அதற்கு 2026-27 கல்வியாண்டு இலக்காக வைக்கப்பட்டுள்ளது. பள்ளியும் அங்கன்வாடியும் தம் பங்கைச் செய்யும். வீட்டின் பங்கிற்குத் தனி நேரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, வீட்டில் உள்ளவர் எத்தனை பேரோ அத்தனை தட்டுகளைக் குழந்தையே எடுத்து வைக்கட்டும். ஒன்று குறைந்தால் ஒருவர் தட்டின்றி அமர்ந்திருப்பார். குழந்தை தானாகவே எழுந்து சென்று இன்னொன்றைக் கொண்டுவரும்.

பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம். அந்நாளில் உங்கள் குழந்தை எங்கள் கவுண்ட்டருக்கு வந்து, பெற்ற பணத்தைத் தானே எண்ணி, பாஸ்புக்கில் உள்ள இருப்பு முன்பைவிடக் கூடியதா குறைந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளட்டும். அதைக் காணும் நாளுக்காக நாங்களும் காத்திருக்கிறோம்.