உங்களுக்குத் தெரியுமா? பொல்கொல்லையில் பங்கு பிரியும் மகாவலி

கண்டியை வளைத்து ஓடும் மகாவலி, நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பொல்கொல்ல அணைக்கட்டில் இரண்டாகப் பிரிகிறது. 1976 முதல் ஒரு பங்கு, மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடி, உக்குவளையில் 40 மெகாவாட் மின்நிலையத்தை இயக்கிவிட்டு, அம்பன் கங்கை வழியாக உலர்வலய வயல்களுக்குப் போகிறது. மீதி ஆற்றோடு இறங்கி விக்டோரியா (210 மெகாவாட்), ரந்தெனிகல, ரன்தம்பே நிலையங்களை ஓட்டுகிறது.

ஆற்றோடு விட்டால் அதே தண்ணீரில் கூடுதல் மின்சாரம். சுரங்கத்தில் விட்டால் வடமத்திய விவசாயிக்கு நெல். அதனால்தான் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு மகாவலி அதிகாரசபை, மின்சாரத் துறை, நீர்ப்பாசனத் திணைக்களம் மூன்றும் கூடிப் பேசுகின்றன. பேசித் தீர்க்கும் இந்த வழக்கம் மிக நல்லது.

இந்த லாப நட்டக் கணக்கில் பழைய தெல்தெனிய நகரையும் சேர்க்க வேண்டும். 122 மீட்டர் உயர விக்டோரியா அணைக்காக (1985) அது நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும்.

மின்சாரத்துக்கும் வயலுக்கும் இடையிலான இந்தத் தண்ணீர் இழுபறியைக் குறைக்க நாமும் உதவலாம். நாட்டின் மின்தேவை உச்சம் தொடுவது மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில். வறண்ட மாதங்களிலாவது அந்த நேரத்தில் இஸ்திரிப்பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.