ஒன்றரை வோல்ற்றில் திறக்கும் கதவு

ரோர்ச்சுக்குப் போடும் பற்றரி ஒன்றில் இருப்பது ஒன்றரை வோல்ற்று. விரலால் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் நாயின் கட்டிக்குள் இருக்கும் புற்றுக் கலம் ஒன்றின் வாசலைத் திறந்து, மருந்தை உள்ளே விடுவதற்கு அவ்வளவு காணும். அந்த ஒன்றரை வோல்ற்றைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், மிகக் கொஞ்ச நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை.

முதலில் நாய்க்கு வருவோம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் சந்தியிலோ சங்கரத்தைப் பக்கத்து ஒழுங்கையிலோ படுத்துக்கிடக்கும் நாயின் பின்புறத்தில் பூக்கோவாத் துண்டு ஒட்டியது போல ஒரு சதை தெரிந்தால், அதிலிருந்து இரத்தம் சொட்டினால், அது பெரும்பாலும் தொற்றும் புற்றாக இருக்கும். புற்றுநோய் தொற்றாது என்பது மனிதருக்குச் சரி. நாய்களிடையே ஒரு புற்று இணைசேரும்போதும் நக்கும்போதும் முகரும்போதும் உடம்பு விட்டு உடம்பு போகிறது. ரஷ்ய மிருக வைத்தியர் நோவின்ஸ்கி 1876இலேயே ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார். போவது கிருமி அல்ல, கலமே போகிறது. நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள் இருக்க, இந்தக் கட்டியின் கலத்தில் 60க்குக் கிட்டத்தான் இருக்கும். அது கட்டியைச் சுமக்கும் நாயின் கலமே அல்ல. 2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றின்படி, 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரேயொரு நாயிடமிருந்து இது புறப்பட்டிருக்கிறது. அந்த நாய் செத்து எத்தனையோ காலம். அதன் கலம் இன்னும் ஒழுங்கைகளில் திரிகிறது.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது: வின்கிறிஸ்ரின். கிழமைக்கு ஒரு தரம் நரம்பில் ஏற்றினால், சில கிழமைகளில் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்துவிடும். வளவு ஓரத்திலும் மயானக் கரையிலும் ஊதாவாய்ப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்துதான் அந்த மருந்து வருகிறது. பூசைக்குப் பிடுங்குகிறவர்கள் அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம். ஆனால் எல்லாக் கட்டியும் அப்படிக் கரைவதில்லை. வின்கிறிஸ்ரினுக்கு மசியாத நாய்கள் சிலவற்றை இத்தாலியில் ஸ்புன்யீனி என்பவரும் கூட்டாளிகளும் மின்சாரத்தோடு சேர்த்த மருந்தால் குணப்படுத்தி 2008இல் எழுதினார்கள்.

தொற்றாத கட்டிகளில்தான் தொல்லை அதிகம். தோலில் வரும் மாஸ்ற் கலக் கட்டி, தசைநார்களில் வேர்விடும் சார்கோமா ஆகியவற்றை வெட்டும்போது கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் ஒரு விளிம்பை எடுக்கவேண்டும். முதுகில் என்றால் எடுக்கலாம்; தோலை இழுத்துத் தைக்கலாம். முன்னங்காலில் எங்கே தோல் இருக்கிறது? கண் இமையில், உதட்டில், மலவாயருகில் விளிம்புக்கு எங்கே போவது? காலையே எடுப்பது அல்லது விட்டுவிடுவது என்று வைத்தியர் நிற்கும் இடம் அது.

இனி மருந்து. ஜப்பானில் உமேசாவா 1966இல் ஒரு மண் பக்ரீரியாவிலிருந்து பிளியோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கலத்தின் உள்ளே போனால் டி.என்.ஏ. இழையைக் கத்தரித்து விடும். ஆனால் அது நீரை விரும்பும் பருத்த மூலக்கூறு. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வோ கொழுப்பால் ஆனது. ஆகவே வாசலில் நின்றபடி பெரும்பகுதி கழிந்துபோகும். அளவைக் கூட்டினால் நுரையீரல் கெடும். "வட்டுக்கோட்டைக்கு வழி எது என்று கேட்டால் துட்டுக்கு இத்தனை கொட்டைப்பாக்கு" என்று ஒரு பழமொழி எங்கள் ஊர்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டு திரிகிறது. பிளியோமைசின் விடயத்திலும் அப்படித்தான். கேள்வி வழியைப் பற்றியது. விடை அளவைப் பற்றியதாகவே வந்துகொண்டிருந்தது.

வழியைக் கண்டவர்கள் பாரிசுக்கு அருகே வில்சுயீவில் உள்ள குஸ்தாவ் ரூசி நிலையத்தில் லூயி மீரும் அவரோடு இருந்தவர்களும். குறுகிய மின்துடிப்புக் கொடுத்தால் கலத்தின் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், சில நிமிடங்களில் அவை தாமாக மூடிக்கொள்ளும் என்பது 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுகூடங்களில் தெரிந்திருந்தது. மரபணுவை உள்ளே விட அதைப் பயன்படுத்தினார்கள். மீரின் குழு 1988இல் பிளியோமைசினை விட்டுப் பார்த்தது. துளை விழுந்த கலத்தில் மருந்தின் வீரியம் பலநூறு மடங்கு கூடியது. 1991இல் மனிதரில் செய்து பார்த்த முடிவு வெளிவந்தது. 1997இல் பூனைகள். பிறகு சுலோவேனியத் தலைநகர் லியுப்லியானாவின் மிருக வைத்தியர்கள் நாய்களில் இதைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தார்கள். பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜி சுந்தரராஜன் தொகுத்து 2014இல் வந்த ஒரு பெரிய நூல் இத்துறை முழுவதையும் பேசுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், சிறிய கணக்குத்தான். கட்டியின் இரு பக்கமும் மின்வாய்களை வைத்து, சென்ரிமீற்றருக்கு 1000 வோல்ற்று என்ற அளவில் புலத்தை உண்டாக்குகிறார்கள். 20 மைக்கிரோமீற்றர் குறுக்களவுள்ள ஒரு கலத்தில், மின்வாய்களைப் பார்த்திருக்கும் இரு முனைகளிலும் சவ்வின் குறுக்கே விழுவது ஏறத்தாழ 1.5 வோல்ற்று. பற்றரிக் கதை இதுதான். அற்பம் போலத் தெரிந்தாலும் சவ்வின் தடிப்பை நினைக்கவேண்டும்: ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. அவ்வளவு மெல்லிய இடத்தில் 1.5 வோல்ற்று என்றால் சென்ரிமீற்றருக்கு 30 இலட்சம் வோல்ற்று. காற்று பிளந்து தீப்பொறி பாய்வதற்கு 30 ஆயிரம் போதும். அந்த அளவு முழுதாக ஏறுமுன்பே சவ்வு விட்டுக்கொடுத்து விடுகிறது.

சிகிச்சையைப் பார்க்கிறவருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, மயிரை வழித்து, பிளியோமைசினை நரம்பில் ஏற்றுவார்கள். மருந்து உடம்பெங்கும் பரவ எட்டு நிமிடம் விடுவார்கள். ஏறத்தாழ 28ஆவது நிமிடத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும், அதற்கு மேல் மருந்து குறைந்துவிடும். தட்டு வடிவிலோ ஊசி வடிவிலோ உள்ள மின்வாயைக் கட்டியில் அழுத்தி, காலால் மிதிகட்டையை அமுக்கினால் எட்டுத் துடிப்பு. ஒவ்வொன்றும் செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எட்டையும் கூட்டினாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வராது. எட்டு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தட்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வோல்ற்று வரை கொடுப்பார்கள், நம் வீட்டுச் சுவரில் வருவது 230தான். இருந்தும் நாய் பிழைத்துக்கொள்வது இந்தக் குறுகிய நேரத்தால். தசை மட்டும் ஒருமுறை வெட்டி இழுக்கும். மயக்கம் கொடுப்பதே அதற்காக. பிறகு மின்வாயைச் சற்று நகர்த்தி அடுத்த இடம், அதற்கடுத்த இடம், விளிம்பில் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து.

நல்ல தோலையுமா? அங்கேதான் இதன் அழகு. துளை நல்ல கலத்திலும் விழுகிறது, மருந்தும் போகிறது. ஆனால் பிளியோமைசின் அறுத்த டி.என்.ஏ.யோடு கலம் பிரிய முயலும்போதுதான் பெரும்பாலும் சாகும். அடிக்கடி பிரிவது புற்றுக் கலம். சுற்றியுள்ள தசையும் நரம்பும் பிரிய அவசரப்படுவதில்லை. கூடவே, துடிப்புப் பட்ட இடத்தின் இரத்தக்குழாய்கள் சுருங்கிக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். உள்ளே வந்த மருந்து வெளியே ஓடமுடியாமல் அங்கேயே தங்கும்.

பெயரைப் பற்றி ஒரு குறை. ஆங்கிலத்தில் electrochemotherapy எனப்படும் இதை மின் இரசாயனச் சிகிச்சை என்று மொழிபெயர்த்தால் பற்றரிக்குள் நடப்பது போன்ற மாற்றம் என்று பள்ளிப் பிள்ளைகள் நினைப்பார்கள். இங்கே மின்சாரம் கதவைத் திறப்பதோடு சரி. வட்டுக்கோட்டையில் 1847இல் வந்திறங்கி, பின் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் இரசாயனத்தைக் 'கெமிஸ்தம்' என்று எழுதத் துணிந்தவர். அவர் இருந்திருந்தால் இதற்கும் ஏதோ ஒன்றைச் செய்திருப்பார். இதே சிகிச்சையில் பயன்படும் இன்னொரு மருந்தான சிஸ்பிளாற்றினின் பிறப்பும் மின்சாரத்தில்தான்: 1965இல் ரோசன்பேர்க் மின்புலத்தில் பக்ரீரியா வளர்த்தபோது பிளாற்றினம் மின்வாயிலிருந்து கரைந்த பொருள் கலப்பிரிவை நிறுத்தியதைக் கண்டார். அந்த மருந்தைப் பூனையின் நரம்பில் ஏற்றக்கூடாது. பூனைக்கு அது எமன்.

எல்லாக் கட்டிக்கும் இது ஆகாது. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவிய புற்றை மின்வாய் எட்டாது. மின்வாய்க்குள் அடங்கும் கட்டிக்கு நன்றாக வேலை செய்யும். மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டியவற்றில் பலன் குறையும், இரண்டு மூன்று முறை திருப்பிச் செய்யவேண்டி வரும். ஆகவே குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்படும் கடலையளவு முடிச்சை, தேங்காய்ப்பூரான் அளவு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் மெசின் இருந்தும் பெரிதாகச் சுகமில்லை. ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மயக்கம்கூட வேண்டாம்.

செய்தபின் சில நாளில் அந்த இடம் வீங்கிக் கறுக்கும், பொருக்குக் கட்டும். கிழமைகள் கழித்துப் பொருக்கு விழ, கீழே புதுத்தோல் வந்திருக்கும். அதுவரை நாய் நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்ரிக் கூம்பு மாட்டிவிடுவார்கள். கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் போய்ப் பழகிய நாய்க்கு அந்தக் கூம்போடு பொட்டுக்குள் நுழைய முடியாது. படலையைத் திறந்துவிட வீட்டில் யாராவது இருக்கவேண்டும்.